பச்சை நேரம்

சோதிலிங்கத்திடம் எதைக் கேட்டாலும் முதலில் மணிக்கூட்டைத்தான் பார்ப்பார். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்றாலும் பார்ப்பார், சுகமா இருக்கிறீங்களோ என்றாலும் பார்ப்பார். யாழ்ப்பாணத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பதிவு மேசையில் பதினொரு வருஷம் இருந்த மனுஷன். காயப்பட்டு வருகிறவரின் பெயர், வயது, ஊர், என்ன காயம், எத்தனை மணிக்குப் பட்டது என்று எழுதுவதுதான் உத்தியோகம். பெயரைப் பிழையாக எழுதினாலும் எழுதுவார், நேரத்தை ஒருநாளும் பிழையாக எழுதமாட்டார். சூட்டுக் காயம், ஷெல் காயம் என்று எழுதி எழுதி அந்தாளுக்கு ஒரு ஞானம் பிறந்துவிட்டது. துவக்கு கண்டபாட்டுக்கு வெடிப்பதில்லை, அதற்கும் ஒரு நேரசூசி இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்திருக்கிறவன் தப்பிவிடுவான் என்பதே அந்த ஞானம்.

சும்மா சொல்லக்கூடாது, அது ஒருமுறை அவர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. எண்பத்தாறாம் ஆண்டு குணவதிக்கு நிறைமாதம். கோட்டைக்குள் ஆமி, வெளியே சந்திக்குச் சந்தி துவக்கோடு இயக்கப் பெடியள், நடுவிலே ஆஸ்பத்திரி. காலை பதினொன்றேகாலுக்கு அவளுக்கு வலி கண்டது. கார்க்காரன் வாசலில் நிற்கிறான். சோதிலிங்கம் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டேகால் மட்டும் பொறும்" என்றார். கோட்டைக்காரர் சாப்பாட்டுக்கு இருக்கிற நேரம் பன்னிரண்டேகாலிலிருந்து ஒரு மணி வரை. அந்த முக்கால் மணித்தியாலத்தில் பட்ட காயம் அவருடைய புத்தகத்தில் ஒன்றோ இரண்டோதான். குணவதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் பல்லைக் கடித்தாள். "இவனுக்கென்ன விசரோ, பெண்சாதி சாகப்போறாள்" என்று அயலட்டைச் சனம் அவர் காதுபடவே பேசியது. பதினொன்றே முக்காலுக்கு, அவர்கள் போகவேண்டிய சந்தியில் இரண்டு ஷெல் விழுந்தது. பன்னிரண்டேகாலுக்கு அவர்கள் அந்தச் சந்தியால் ஒரு கீறலும் இல்லாமல் போனார்கள். ஒன்றேகாலுக்குக் கஜானி பிறந்தாள்.

அன்று தொடக்கம் புருஷனின் மணிக்கூட்டில் குணவதிக்கு ஒரு பயபக்தி. மற்ற விஷயத்திலெல்லாம் அவரை வறுத்தெடுப்பாள். நேரம் என்று அவர் வாய் திறந்தால் மட்டும் அடங்கிவிடுவாள்.

தொண்ணூறில் மூன்று பேருமாக ஓக்லண்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கே அந்த உத்தியோகத்தை ஆர் தரப்போகிறார்கள்? ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்ரிக் வாளி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் விடிய ஆறு மணி ஷிப்ட் கிடைத்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு ஹில்ஸ்பரோவில் ஒரு டெய்ரியை எடுத்தார்கள். பாலும் பாணும் பேப்பரும் ஐஸ்கிறீமும் சிகரெட்டும் விற்கிற மூலைக்கடை. முன்னால் கடை, பின்னால் இரண்டு அறையும் குசினியும். பகல் முழுக்கக் குணவதி நிற்பாள். அவர் தொழிற்சாலை வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்து, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளின் ஆரவாரத்தைச் சமாளித்துவிட்டு, கொஞ்சம் படுத்து எழும்புவார். பிறகு இரவு ஒன்பதுக்குக் கடையைச் சாத்தும்வரை இரண்டு பேரும் மாறி மாறி நிற்பார்கள். அமைதியான இடம்தான். நாயோடு உலாத்துகிற கிழடுகள் இவளுக்குக் கை காட்டிவிட்டுத்தான் போகும்.

அப்படியிருக்க, தொண்ணூற்றைந்து நவம்பரில் மேற்குப் பக்கத்தில் ஒரு டெய்ரிக்காரரைத் துவக்கால் சுட்டுவிட்டார்கள். குஜராத்தி மனுஷன், மூன்று பிள்ளைகள். ஆள் தப்பவில்லை. செய்தியைப் பார்த்த குணவதி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, துவக்குக்குப் பயந்துதானே அங்கையிருந்து ஓடி வந்தனாங்கள். இந்தக் கடை எங்களுக்கு வேண்டாம்."

சோதிலிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார். "பொறும். அவங்கள் எந்த நேரம் வாறாங்கள் எண்டு பார்ப்பம். அதுக்குப் பிறகு யோசிப்பம்."

பாருங்கோ, மனுஷனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவள் மேல் ஒரு குண்டு படக்கூடாது, அவ்வளவுதான் அந்தாளின் ஒரே பிரார்த்தனை. சாமியிடம் கேட்பதை அவர் பேப்பரிடம் கேட்டார். துவக்கோடு கடைக்குள் புகுந்தார்கள் என்று எந்த மூலையில் நாலு வரி வந்தாலும் வெட்டி எடுத்தார். பேப்பரில் வராததைச் சொல்ல அந்தோணிசாமி இருந்தான். மலேசியா, ஈப்போக்காரன், ஒனஹங்காவில் அவனுக்கும் மனைவி ஜோசபினுக்கும் ஒரு டெய்ரி. ஜனவரியில் அவனுடைய கடைக்குள்ளும் ஒருத்தன் குழாயை வெட்டிக் குட்டையாக்கின துவக்கோடு வந்து சிகரெட்டை வாரிக்கொண்டு போனான்.

"எத்தினை மணி?" என்று போனில் கேட்டார் சோதிலிங்கம்.

"என்னாண்ணே நீங்க, உயிரோட இருக்கியான்னு கேட்பீங்கன்னு பார்த்தா மணி கேட்கிறீங்க. எட்டே முக்கால் இருக்கும் லா."

எட்டே முக்கால் என்று அவர் எழுதிக்கொண்டார்.

பெப்ரவரி முடிவதற்குள் பதினாலு சம்பவம் சேர்ந்துவிட்டது. பழைய பதிவுப் புத்தகம் போலவே கோடு போட்டு, இடம், ஆயுதம், எத்தனை பேர், எத்தனை மணி என்று நாலு நிரல். திகதிக்கு ஒரு நிரல் போடவில்லை. ஊரில் திகதி பக்கத்தின் தலைப்பில் இருக்கும், அதை ஆர் பார்த்தது? பதினாலில் பன்னிரண்டு, இரவு எட்டுக்கும் ஒன்பதேகாலுக்கும் இடையில். மற்ற இரண்டும் மத்தியானத்தில் நடந்தவை. குடிகாரரின் சேட்டை என்று அவற்றைத் தள்ளிவிட்டார். ஒரு பெரிய தாளில் நாளை மணி மணியாகப் பிரித்து, ஏழரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் சிவப்புப் பென்சிலால் அடித்தார். மற்றதெல்லாம் பச்சை. அதைக் கொண்டுபோய்க் கடை மேசைக்கு மேலே, மணிக்கூட்டுக்குக் கீழே ஒட்டினார்.

"சிவப்பு நேரத்திலை நீர் கடைக்குள்ளை காலெடுத்து வைக்கக்கூடாது. நான் நிற்பன். தப்பித் தவறி நிண்டாலும், ஆராவது துவக்கோடை வந்தால் கை ரெண்டையும் தூக்கும். முகத்தைப் பாராதையும். கேக்கிறதைக் குடும். விளங்குதோ?"

"ஓம். பச்சை நேரத்திலை வந்தால்?"

"பச்சையிலை ஏன் வாறான்?"

அவள் சிரித்தாள். அவள் பயம் போய்ச் சிரித்து நாலு மாதம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்த சந்தோஷத்தில் அவர் தாளைப் போட்டோப்பிரதி எடுத்து அந்தோணிசாமிக்கும் ஒன்று கொடுத்தார். "ஜாதகம் மாதிரில்ல இருக்கு" என்று நக்கலடித்தாலும், அவனும் அதைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி, அதன்படியே தானும் மனைவியும் நிற்கிற நேரத்தை மாற்றிக்கொண்டான்.

வீட்டில் சோதிலிங்கத்தின் மணிக்கூடு சாமியையும் விட்டுவைக்கவில்லை. ஊரில் ஆறு மணிக்கு விளக்கு வைப்பது வழக்கம். ஆறேகால் போல இருளத் தொடங்கும், தை என்றாலும் ஆடி என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கேயும் ஆறு மணி அடித்தால் விளக்கு எரியவேண்டும். டிசம்பர் இங்கே நடுக்கோடை, பின்னேரம் ஆறு மணி என்றால் வெயில் கண்ணைக் குத்தும். குசினி ஜன்னலால் வெயில் வந்து விளக்கின் மேல் விழ, சுடர் இருக்கிற இடமே தெரியாது. பத்து வயதுக் கஜானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "டாட், த சன் இஸ் ஸ்டில் அப்!"

"விளக்கு வைக்கிறது இருட்டுக்குத்தானே அப்பா. வெயிலுக்கு ஆர் விளக்கு வைக்கிறது?" என்று குணவதியும் கேட்டாள்.

"ஆறு மணி எண்டால் ஆறு மணிதான்" என்றார் அவர்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோடைகால நேரம் முடிகிறதென்று, எல்லாரையும் போல அவரும் மணிக்கூட்டு முள்ளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினார். வீட்டிலும் கடையிலுமாக இருந்த பத்து மணிக்கூடும் ஒரு நிமிஷம் பிசகாமல். தாளை அவர் தொடவில்லை.

ஏப்ரல் போனது, மே வந்தது. குளிர் தொடங்கிவிட்டது. சோதிலிங்கம் விடிய நாலரைக்கு எழும்புகிற ஆள், பின்னேரம் நித்திரை கொள்ளாமல் அந்த உடம்பு தாங்காது. நாலு மணிக்குப் படுத்து, விளக்கு வைக்க ஆறு மணிக்கு எழும்புவார். ஏழரைக்குச் சிவப்பு நேரத்துக்குப் போய் நிற்பார். அவர் படுத்திருக்கிற அந்த இரண்டு மணித்தியாலமும் குணவதி தனியே கடையில். தாளில் அது நல்ல கரும்பச்சையாக இருந்தது, இரண்டு தரம் அடித்திருந்தார்.

மே கடைசியில் ஒரு நாள், அவர் போர்வையை இழுத்துக்கொள்ளும்போது குணவதி அறை வாசலில் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, இப்ப அஞ்சரைக்கே கும்மெண்டு இருட்டிப்போகுது. றோட்டிலை ஒரு குருவி இல்லை. எனக்கு நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது. கொஞ்ச நாளைக்கு அந்த நேரம் முன்னுக்கு வந்து இருங்கோவன். கதிரையிலை இருந்து நித்திரை கொள்ளுங்கோ, நான் எழுப்பமாட்டன்."

சோதிலிங்கம் எழும்பவில்லை. படுத்தபடியே கையை நீட்டிச் சுவர்ப் பக்கம் காட்டினார், அந்தச் சுவருக்கு அங்காலேதான் தாள். "அஞ்சரை பச்சை. எண்பத்தாறிலை என்ரை சொல்லைக் கேட்டனீர்தானே? இப்பவும் கேளும்."

எண்பத்தாறு என்ற சொல்லுக்கு மேல் அவளிடம் பேச்சு இல்லை. திரும்பிக் கடைக்குள் போய்விட்டாள்.

ஜூன் இருபத்தேழு, வியாழக்கிழமை.

அந்தச் சத்தத்தைச் சோதிலிங்கம் நித்திரைக்குள்தான் கேட்டார். பதினொரு வருஷம் கேட்ட சத்தம், அந்தக் காது அதை எந்த நித்திரையிலும் அடையாளம் காணும். உடம்பு எழும்பப் பார்த்தது. கண் திறந்தது. திறந்த கண் அந்தாளின் பாழாய்ப்போன பழக்கத்துக்கு முதலில் மணிக்கூட்டில் போய் விழுந்தது. ஐந்து நாற்பத்திரண்டு. பச்சை. அப்போ வெடியாக இருக்கேலாது. பால் கிறேட் விழுந்திருக்கும். மனம் அப்படிச் சொன்னது, உடம்பு அதை நம்பிவிட்டது. போர்வையை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஐயோ, திரும்பிப் படுத்தார்!

ஐந்து நாற்பத்துமூன்றுக்கு, பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த கஜானி குளறுகிற சத்தம் கேட்டது. "அம்மா! அம்மா!" ஆறு வருஷமாக இங்கிலீசைத் தவிர வேறொன்றும் பேசாத பிள்ளை. வெறுங்காலோடு ஓடினார். கடைக் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. வெளியே கரி இருட்டு. மேசைக்குப் பின்னால் குணவதி நிலத்தில், சுவரோடு சாய்ந்தபடி, வலது தோளும் கையும் எங்கே என்று தெரியாத அளவுக்கு இரத்தம். கண் திறந்திருந்தது. அவரைப் பார்த்தது. கஜானி தன் பள்ளிக்கூட ஸ்வெட்டரைக் கழற்றித் தாயின் தோளில் இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். சோதிலிங்கம் பெண்சாதியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். போன் எடுத்ததும் அம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அந்தப் பிள்ளைதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்த பெட்டை பேனையை எடுத்தாள். பெயர்? வயது? என்ன காயம்? எத்தனை மணிக்குப் பட்டது?

"ஐந்து நாற்பத்திரண்டு" என்றார் சோதிலிங்கம். அவள் எழுதினாள்.

"நீங்கள் எத்தனை மணிக்கு அவவிடம் போனீர்கள்?"

அவர் அவளுடைய பேனையைப் பார்த்தார். பிறகு, "உடனே" என்றார். பதினொரு வருஷத்திலும் அவர் கையால் எழுதாத பொய் நேரம், அன்றைக்கு அவர் வாயால் வந்தது.

ஒப்பரேஷன் நாலு மணித்தியாலம். உயிருக்குப் பயமில்லை என்று டொக்டர் வந்து சொன்னார். தோளிலும் கையிலும் கிடந்த ஈயத்தை எடுத்தாயிற்று, ஆனால் வலது கை விரல்கள் இனி மடங்குமோ தெரியாது என்றார். சோதிலிங்கம் அவருடைய கையைப் பிடித்துக் கும்பிட்டார்.

அதன்பிறகு பொலிஸ்காரி வந்தாள். நல்ல பிள்ளை, குரலை உயர்த்தவில்லை. இங்கிலீசில் ஆறுதலாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். கடையில் ஒட்டியிருந்த தாளை அவள் பார்த்திருக்கிறாள், அது என்ன என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் மனம் நோகக்கூடாதே என்ற பதத்தில் சொன்னாள்: "கோடையில் எட்டு ஒன்பதுக்குத்தான் வருவார்கள், மிஸ்டர் லிங்கம். அப்போதுதானே இருட்டு. குளிர்காலத்தில் ஐந்துக்கே வருவார்கள். அவர்கள் மணி பார்த்து வருவதில்லை, இருட்டைப் பார்த்து வருகிறார்கள்."

அவ்வளவுதான். ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற விஷயம். நவம்பர், டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி: அவர் வெட்டி வைத்த பதினாலும் கோடைகாலத்துச் செய்தி. வெயிலில் விளக்கு எரிந்த காலம். இருட்டு ஆறேகாலுக்கு வருகிற ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு, நேரமும் இருட்டும் வேறு வேறு சாமான் என்று புத்தியில் ஏறவே இல்லை. அவளுக்கு ஏறியது. அவள் வாசலில் வந்து நின்று சொன்னாள், அவர் படுத்துக்கொண்டு சுவரைக் காட்டினார். பொலிஸ்காரி போனபிறகும் அவர் அந்தக் கதிரையிலேயே இருந்தார். தன் தலையில் தானே அடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் அடிக்கவில்லை.

அந்தோணிசாமியும் ஜோசபினும் வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து கஜானியைக் கடைக்குப் பின்னாலிருந்த தங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தோணிசாமி அவரைக் கட்டிப்பிடித்து, "நீங்க மனச விட்ராதீங்கண்ணே. பதினாலுல ஒண்ணு இப்படித் தப்பிப் போறதுதான். உங்க பேப்பர் மேல ஒரு தப்பும் இல்ல லா. நாங்க இன்னும் அதுபடிதான் நிக்கிறோம்" என்றான். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னான், பாவம். தாள் பிழை என்று சொல்லச் சோதிலிங்கத்தை வெட்கம் விடவில்லை. பிறகு சொல்லலாம், குணவதி கண் விழிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இரண்டு நாளை ஓட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் குணவதி தெளிவாகக் கதைத்தாள். வலது பக்கம் முழுக்கக் கட்டு. முகம் பழுத்த இலை மாதிரி வெளிறிக் கிடந்தது. அவர் கரண்டியால் தண்ணீர் பருக்கினார்.

"பிள்ளை சாப்பிட்டதோ?"

"ஓம். ஜோசபின் நல்லாப் பார்க்கிறா."

பிறகு தானாகவே தொடங்கினாள். "அவன் துவக்கை நீட்டினவுடனை நான் மணிக்கூட்டைத்தான் பார்த்தன். உங்கடை பழக்கம் எனக்கும் வந்திட்டுது. அஞ்சு நாப்பத்தொண்டு. பச்சை. அதுக்குக் கீழை உங்கடை தாள். இந்த நேரம் கள்ளன் வரமாட்டானே, ஆரோ விளையாட்டுத் துவக்கோடை பகிடி விடுறான் எண்டு நினைச்சன்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "கையைத் தூக்கேல்லை. சிரிச்சன். அவனைப் பார்த்துச் சிரிச்சனானப்பா. அவனுக்கு அதுதான் கோவம் வந்தது."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவருக்கு அது தாங்கமுடியவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தினார்.

"குணம், நான் வெடிச் சத்தம் கேட்டனான். கேட்டும் எழும்பேல்லை. மணியைப் பார்த்தன். பச்சை எண்டு திரும்பிப் படுத்தன். ஒரு நிமிஷம். ஆஸ்பத்திரியிலை உடனை வந்தனெண்டு பொய் சொன்னன். என்ரை தாள் பிழை. இருட்டைப் பார்க்காமல் மணியைப் பார்த்திட்டன். நீர் சொன்னனீர், நான் கேக்கேல்லை."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் இடது கையை நீட்டவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. மேலே பார்த்துக்கொண்டு கனநேரம் கிடந்தாள். அவள் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. அந்த ஒரு நிமிஷத்தை அவள் மன்னித்தாளோ இல்லையோ அவருக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

பிறகு அவள் கேட்டாள்: "அந்தோணிசாமிக்குச் சொன்னீங்களோ?"

"என்னத்தை?"

"தாள் பிழையெண்டு. அவையும் ஒட்டி வைச்சிருக்கினமெல்லே."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

"சொல்லேல்லையோ?" குணவதி தலையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஆஸ்பத்திரி முற்றத்தில் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. கார்கள் எல்லாம் வெளிச்சம் போட்டுக்கொண்டு போயின. "இருட்டிட்டுது, இஞ்சாருங்கோ. என்ரை பிள்ளை அந்தக் கடைக்குப் பின்னாலையெல்லே இருக்குது! எழும்புங்கோ!"

எழும்பினார். கண் தன்பாட்டுக்குச் சுவர் மணிக்கூட்டுப் பக்கம் போகப் பார்த்தது, அவர் விடவில்லை. ஜன்னலைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஓடினார். நடைபாதை முடிவில் சுவரில் ஒரு பொதுத் தொலைபேசி. இரண்டு தரம் பிழையாக அமத்தி, மூன்றாம் தரம் சரியாக விழுந்தது. அங்கே மணி அடிக்கிறது. ஐந்து, ஆறு, ஏழு. ஒருவரும் எடுக்கவில்லை. எட்டு, ஒன்பது. முருகா, முருகா என்று அவர் வாய் தன்பாட்டில் முணுமுணுத்தது.

"ஹலோ?" ஜோசபினின் குரல்.

"ஜோசபின், நான் சோதி. எங்கை நிக்கிறீங்கள்?"

"கடையிலதான்ணே. பால் அடுக்கிட்டு இருந்தேன், அதான் லேட்டு. அவரு படுத்திருக்காரு. எழுப்பவா?"

"தனியவோ நிக்கிறீங்கள்?"

"ஆமாண்ணே. இன்னும் பச்சைதானே, ஏழரைக்கு அவரு வந்துருவாரு. கஜானி அடுப்படியிலதான் இருக்கா. கடைப் பக்கம் வாம்மான்னா வரவே மாட்டேங்கிறா. ஜன்னலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு புள்ள."

சோதிலிங்கம் நெற்றியைச் சுவரோடு வைத்து அழுத்தினார். "தங்கச்சி, சொல்றதைக் கேளுங்கோ. கதவைப் பூட்டுங்கோ. இப்பவே. ரிசீவரை வைக்காமல் போய்ப் பூட்டுங்கோ."

"ஏண்ணே, என்னா ஆச்சு? பேப்பர்ல பச்சைன்னுதானே…"

"அந்தத் தாளைக் கிழிச்செறியுங்கோ. நான் எழுதினது பிழை."

ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் கதவுப் பக்கம் போனது. தாழ்ப்பாள் விழுந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. பிறகு தாள் கிழிகிற சத்தம்.

பக்கத்தால் போன தாதி ஒருத்தி நின்று, எல்லாம் சரியா என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், தமிழில்தான் சொன்னார்.

"நான் எழுதினது பிழை, பிள்ளை."